மணலும் எழுத்தும்: எல்லைப்புறக் குழந்தைகளின் விரல்திறனும் தமிழ் எழுத்துக் கற்றலும் – பள்ளிப்பட்டை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தொடக்கநிலைக் குழந்தை எழுதத் தடுமாறும்போது, தடை விரலில் உள்ளதா, வரிவடிவை அறிவதில் உள்ளதா, மொழியில் உள்ளதா எனப் பிரித்தறிதல் வேண்டும். இருமொழிச் சூழல் நிலவும் பள்ளிப்பட்டுப் பகுதியில் இத்தேவை மிகுதி. கையின் வளர்ச்சி, திண்ணைப் பள்ளியின் மணலெழுத்து, தமிழ் வரிவடிவின் அமைப்பு ஆகிய மூன்றையும் கொண்டு இப்பிரித்தறிதலுக்கான வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நுண்தசைத் திறன், மணலெழுத்து, வரிவடிவம், திண்ணைப் பள்ளி, இருமொழிச் சூழல்.

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்தது பள்ளிப்பட்டு வட்டம். 1953இல் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணிப் பகுதி, படாஸ்கரின் பரிந்துரையை அடுத்து 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எல்லைக்கோடு மாறினாலும் வீட்டுமொழி மாறுவதில்லை. தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் இப்பகுதியில் இன்றும் வாழ்கின்றன. 2006ஆம் ஆண்டின் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டத்தால், அக்குடும்பங்களின் குழந்தைகளுக்கும் தமிழ் கட்டாயப் பாடமாயிற்று.

இத்தகைய குழந்தை 'அ' எழுதத் தடுமாறினால், 'இதற்குத் தமிழ் வராது' என்று முடிவு செய்துவிடுதல் எளிது. தடுமாற்றம் மொழியில் இல்லாமல் விரலில் இருக்குமாயின், அம்முடிவு குழந்தைக்குப் பெருந்தீங்காகும். முதல் வகுப்பில் ஒட்டப்பெற்ற பெயர் பின்னாளில் எளிதில் உதிர்வதில்லை.

கையின் வளர்ச்சி

மனித மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உள்ளன. பிறக்கும்போது இவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பின்னர் ஒவ்வொன்றாக இறுகுகின்றன. இறுதி எலும்பு இறுகத் தொடங்குவது ஏறத்தாழ 8 வயதிற்குப் பின்னரே. எழுதுகோலைப் பற்றும் முறையும் படிப்படியாகவே அமைகிறது. முதலில் குழந்தை அதனை முழுக் கைப்பிடியில் பற்றுகிறது. பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றால் பற்றி விரல்களை மட்டும் அசைத்து எழுதும் திறன், பெரும்பாலும் 4 வயதிற்கும் 6 வயதிற்கும் இடையில்தான் உருவாகிறது. அதற்கு முன்னர் இரட்டைக்கோட்டுக் குறிப்பேட்டில் சிறிய எழுத்துகளைப் பக்கம் பக்கமாக எழுதச் செய்வது, கையால் இயலாததைக் கேட்பதாகும்.

அதற்காக எழுதுதலையே தள்ளிவைத்தலும் பொருந்தாது. கரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் படிக்கக் கற்றிராத 5 வயதுக் குழந்தைகள் எழுத்துகளைத் தாமே வரைந்தும், கோட்டின்மேல் வரைந்தும், தட்டச்சு செய்தும் பயின்றனர். பின்னர் அவ்வெழுத்துகளைக் கண்டபோது, படித்தலுக்குரிய மூளைப்பகுதிகள் தாமே வரைந்து பயின்ற எழுத்துகளுக்கே தெளிவாக இயங்கின. ஆகவே, கை எழுதவும் வேண்டும். வளராத விரல் வருந்தவும் கூடாது. இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றிய முறை தமிழகத்தில் முன்பே வழக்கில் இருந்தது.

திண்ணைப் பள்ளியின் மணலெழுத்து

திண்ணைப் பள்ளியில் மாணவன் எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லியவாறே, பரப்பிய மணலில் விரலால் எழுதினான். விரல் பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. மணலில் எழுத்தைப் பெரிதாக எழுதலாம். அப்போது தோளும் முழங்கையும் விரலுக்குத் துணை நிற்கின்றன. மணலின் உராய்வு, கோட்டின் போக்கை விரலுக்கு உணர்த்துகிறது. பிழையைக் கையால் தடவி அழித்துவிடலாம் என்பதால் அச்சமும் இல்லை.

சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற மகன்களுக்கான இல்லத்தில் 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், 'மலபார்' பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் எழுதுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். தமிழரையும் 'மலபார்' எனச் சுட்டுவது அக்கால ஆங்கிலேயர் வழக்கம். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழி இம்முறை 'மதராசு முறை' என்னும் பெயரில் பரவியது. பின்னாளில் மரியா மாண்டிசோரி வகுத்த மணற்காகித எழுத்துகளும் விரலின் தொடுவுணர்வையே அடிப்படையாகக் கொண்டவை.

வரிவடிவும் கற்பிக்கும் வரிசையும்

'அ' முதலாகத் தொடங்கும் நெடுங்கணக்கு, ஒலியியல் நோக்கில் அமைந்த வரிசை. அது கைக்கு எளிதான வரிசை அன்று. அ, இ ஆகியவை வளைவும் திருப்பமும் மிக்கவை. ட, ப ஆகியவை நேர்கோடுகளால் ஆனவை. அறிவொளி இயக்கத்தின் பாடநூல் 'பட்டா', 'படி' என்னும் சொற்களில் தொடங்கியதன் பயன் இங்கு எண்ணத்தக்கது. எழுதிப் பழகாத முதியோரின் கைக்குப் பொருந்துவது குழந்தையின் கைக்கும் பொருந்தும். நெடுங்கணக்கை வாயால் ஓதப் பழக்கலாம். கைக்குரிய வரிசையை நேர்கோடு, வளைவு, சுழி என வடிவம் நோக்கி அமைக்கலாம்.

கையின் இயக்கத்தைத் தமிழ் வகுப்பறையின் வழக்குச் சொற்களே பதிவு செய்துள்ளன. 'இரண்டு சுழி ன', 'மூன்று சுழி ண', 'துணைக்கால்', 'ஒற்றைக்கொம்பு' என்பன ஒலியைச் சுட்டாமல் வடிவைச் சுட்டுகின்றன. இவற்றைச் சொல்லிக்கொண்டே எழுதும் குழந்தைக்கு வாய்ச்சொல் விரலுக்கு வழிகாட்டுகிறது.

பள்ளிப்பட்டுச் சூழலுக்கு இது கூடுதல் பயன் தரும். தெலுங்கு வரிவடிவும் வட்டமும் வளைவும் மிகுந்தது; ஆகவே சுழிப் பயிற்சி இரு மொழி எழுத்துகளுக்கும் உதவும். வீட்டுமொழி எதுவாயினும் வாசலில் கோலம் உண்டு. பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே கோலமாவை எடுத்து இழையாக விடுதலும், புள்ளியைச் சுற்றிச் சுழித்தலும் எழுதுகோல் பற்றுதற்கு முந்தைய சிறந்த பயிற்சிகள். புளியங்கொட்டைகளைப் பல்லாங்குழியில் ஒவ்வொன்றாக இடுதலும் அத்தகையதே.

பிரித்தறியும் வழி

ஒரே எழுத்தைக் கொண்டு மூன்று செயல்களை ஆசிரியர் தனித்தனியே நோக்கலாம். முதலாவது, ஒலியைக் கேட்டு எழுத்தட்டையைச் சுட்டுதல். இரண்டாவது, அவ்வெழுத்தைப் பாராமல் மணலில் பெரிதாக எழுதுதல். மூன்றாவது, குறிப்பேட்டில் சிறிதாக எழுதுதல். முதலிரண்டும் கைகூடி மூன்றாவது மட்டும் தவறினால், தடை பெரும்பாலும் விரலில் உள்ளது. அக்குழந்தைக்கு வேண்டுவது காலமும் விரற்பயிற்சியுமே. முதலாவது கைகூடி இரண்டாவது தவறினால், வடிவின் போக்கு மனத்தில் பதியவில்லை. முதலாவதே தவறினால், ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பைப் பேச்சுவழி வலுப்படுத்த வேண்டும். வீட்டுமொழியின் துணை தேவைப்படுவது இங்கேதான்.

முடிவுரை

2022 ஜூனில் இதே மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பெற்ற 'எண்ணும் எழுத்தும்' திட்டம், 1 முதல் 3 வரையிலான வகுப்புகளில் செயல்வழிக் கற்றலுக்கு இடமளித்தது. அத்தகைய வகுப்பறையில் ஒரு தட்டு மணலுக்கு இடம் காண்பது அரிதன்று. எழுத்தை அறிதல் வேறு, எழுத்தை வரைதல் வேறு என்னும் தெளிவு ஆசிரியரிடத்தில் அமையுமாயின், விரல் முதிராத குழந்தை மொழி அறியாத குழந்தையாகக் கருதப்படும் நிலை நீங்கும்.