சொல்ல நா எழாத தொல்லை

எங்களுக்குத் தெரிந்த பாட்டி ஒருவர் ஆற்றுக்கால் பொங்கலைத் தவறவிட்டதே இல்லை. ஆனால் மூன்று ஆண்டுகளாக அவர் அடுப்பு மூட்டவில்லை. கேட்டால் "முட்டுவலி" என்பார். கோயிலுக்குப் போவது நின்றது. கல்யாண வீட்டில் பந்தியில் அமராமலே திரும்பிவிடுவார். உண்மைக் காரணத்தை அண்மையில்தான் மருமகளிடம் அழுதுகொண்டே சொன்னார். அவரால் மலத்தை அடக்க முடியவில்லை.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அன்று. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளியான கணக்குப்படி, வயது வந்தவர்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு இத்தொல்லை உண்டு. பந்தியில் 100 இலை போட்டால் எட்டு இலைக்காரர்கள் இதை மறைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். முதியோரிடம் இது அதிகம், இளையோரும் தப்பவில்லை. 2011 கணக்கெடுப்பில் கேரள மக்களில் 12.6 விழுக்காட்டினர் 60 வயது கடந்தவர்கள். ஆகவே நாம் வாழும் ஊரில் இது சிறிய செய்தி அன்று.

பின் ஏன் வெளியே வருவதில்லை? முதற்காரணம் வெட்கம். அடுத்தது, "வயசானால் இப்படித்தான்" என்ற தவறான எண்ணம். மூன்றாவது, மருத்துவரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. 1982இல் 'லான்செட்' இதழில் வந்த ஓர் ஆய்வில், வயிற்றுப்போக்கு என்று வந்தவர்களில் பாதிப்பேருக்கு அடக்க இயலாமையும் இருந்தது; அவர்களில் பாதிப்பேர்கூடத் தாமாக அதைச் சொல்லவில்லை.

நாமும் மருத்துவரிடம் "வயறிளக்கம்" என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம். இதில் ஆபத்து உண்டு. கடும் மலச்சிக்கலில் இறுகிய மலத்தைச் சுற்றி நீராக ஒழுகும். அதைப் பேதி என்று எண்ணிக் கட்டும் மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

வேறு காரணங்களும் உண்டு. பிரசவத்தில் ஆசனவாய்த் தசை கிழிந்ததன் விளைவு பல ஆண்டுகள் கழித்துத் தெரியலாம். நீரிழிவு, பக்கவாதம், நினைவிழப்பு நோய், மூலம் அல்லது பௌத்திர அறுவைச் சிகிச்சை ஆகியவற்றாலும் வரலாம்.

காரணம் தெரிந்தால் பெரும்பாலோருக்கு நிவாரணம் உண்டு. நார்ச்சத்து உணவு, இசப்கோல், சாப்பிட்டபின் நேரம் தவறாமல் கழிப்பறை செல்லுதல், ஆசனவாயைச் சுருக்கித் தளர்த்தும் பயிற்சி, மருத்துவர் தரும் மருந்து ஆகியவை பலருக்குப் போதும். சிலருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படும். மலத்தில் இரத்தம், எடை குறைதல், திடீரெனக் கால் மரத்துப்போதல் இருந்தால் தாமதம் கூடாது.

படுக்கையில் உள்ளவர்களுக்கு, 2008ஆம் ஆண்டுக் கொள்கைப்படி உள்ளாட்சி வழியே வீடு தேடி வரும் பாலியேட்டிவ் நர்சு உதவுவார். வார்டு உறுப்பினரிடமோ ஆஷா பணியாளரிடமோ கேளுங்கள்.

மலையாளத்தில் சொல்லத் தயங்குவோருக்கு "அறியாதெ போகுன்னு" என்ற இரண்டே சொற்கள் போதும். பெரியவர்கள் சொல்லவில்லை என்றால் இளையவர்கள் தனியே, மெதுவாகக் கேளுங்கள். கடிந்துகொள்ளாதீர்கள்.

பாட்டிக்கு மலச்சிக்கலே மூலகாரணம் என்று தெரிந்தது. இப்போது பெரிதும் குணம். வரும் மாசியில் பொங்கலிடப் போகிறாராம்; பக்கத்து அடுப்பு மருமகளுடையது.