பெருமூச்சுக்கு எந்த வாசலில் மருந்து?

தலைமன்னார் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது ஒரு கதை சொல்லுவார்கள். பாட்டன் பூட்டன் வந்து இறங்கிய கரை அது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு நம்மவர்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியதும் அங்கேதான். 1977, 1983 கலவரங்களுக்குப் பின் வவுனியா, மன்னார் பக்கம் போய்க் குடியேறிய சொந்தபந்தமும் நமக்கு உண்டு. அந்தக் கரையில் இருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. மனசு நொந்து போனவருக்கு, உதவி எங்கே இருக்கிறது என்பதை எப்படித் தெரியப்படுத்துவது?

1990இல் மன்னார்த் தீவு நாலாபக்கமும் சிதறியது. தமிழ்க் குடும்பங்கள் வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போயின. வேறு பலர் மடுவில் தஞ்சம் புகுந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம் மக்கள் புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். இருபது வருஷம் கழித்து, வடக்கில் இருந்து இப்படிப் புத்தளம் வந்த குடும்பங்களில் 450 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2013இல் வெளிவந்தது. நூற்றுக்கு ஏறக்குறைய 19 பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. நூற்றுக்கு 14 பேரிடம் அது உடம்பு நோவாகவே வெளிப்பட்டது. அதாவது, சோதித்துப் பார்த்தால் காரணம் பிடிபடாத வலி, சோர்வு, நெஞ்சுப் படபடப்பு.

அந்த 14 பேரை நினைத்துப் பாருங்கள். "மனநலப் பிரிவு" என்று பெரிய எழுத்தில் பலகை வைத்தால் அவர்கள் உள்ளே போவார்களா? போகமாட்டார்கள். "எனக்கு நெஞ்சுதானே அடைக்குது, பைத்தியமா என்ன?" என்று ஓ.பி.டி. வரிசையில் போய் நிற்பார்கள். பனடோல் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், நம் மக்கள் துன்பத்தைப் பெருமூச்சாகச் சொல்லுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். நமது லயத்திலும் இதே கதைதான். "தலை பாரமா இருக்கு, கைகால் ஓயுது, கொழுந்துக் கூடையைத் தூக்கவே மனசு வரல" என்று சொல்லும் அக்காமார் எத்தனை பேர்! ஒருவராவது "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

ஆகவே டிஸ்பென்சரிச் சுவரில் ஒட்டும் நோட்டீசானாலும் சரி, பிள்ளைகள் போனில் பார்க்கும் இணையப் பக்கமானாலும் சரி, முதல் வரி நோயின் பெயராக இருக்கக்கூடாது. நோவுபட்டவரின் பேச்சு அங்கே இருக்க வேண்டும். "இரண்டு கிழமையாகத் தூக்கம் இல்லையா? சாப்பாடு பிடிக்கவில்லையா? காரணம் இல்லாமல் அழுகை வருகிறதா?" என்று கேட்டால், படிக்கிறவர் "அட, இது நான்தானே" என்று நிற்பார். நமது நோட்டீசுகளில் பாதி இடத்தைத் திறந்துவைத்த பெரியவர்களின் பெயரே பிடித்துக்கொள்கிறது. கிளினிக் என்றைக்கு, எத்தனை மணிக்கு, யாரைக் கேட்பது என்பது கடைசியில் பொடி எழுத்தில் கிடக்கும். சில நோட்டீசில் அதுவும் இல்லை. ஒருநாள் பேரை விட்டு, பஸ்சுக்குக் காசு கொடுத்துப் போகிறவருக்கு முதலில் தேவைப்படுவது அந்த விவரம்தான்.

அடுத்தபடி, பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். "அங்கொடைக்கு அனுப்பிடுவாங்க" என்ற பேச்சு நம்மிடம் இன்னும் போகவில்லை. 2005இல் அரசு ஏற்றுக்கொண்ட மனநலக் கொள்கை, சிகிச்சையை மாவட்டங்களுக்குக் கொண்டுபோக வழிசெய்தது. மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நுவரெலியா, பதுளை வைத்தியசாலைகளிலும் கிளினிக் நடக்கிறது. அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. பெரும்பாலானவர்கள் மருந்து எடுத்துக்கொண்டு அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். கோடாங்கியிடம் போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு அது ஆறுதல். ஆனால் கயிறு கட்டியாயிற்று என்று டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

பொலிஸ் பயமும் உண்டு. தற்கொலைக்கு முயல்வது முன்பு இந்நாட்டில் குற்றமாக இருந்தது. 1998இல் அந்தச் சட்டம் மாற்றப்பட்டது. வீட்டில் ஒருவர் மருந்து குடித்துவிட்டால் மறைக்காதீர்கள். உடனே 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், அதற்கும் கட்டணம் இல்லை. என்ன மருந்து என்று தெரிய, போத்தலையும் கூடவே கொண்டு போங்கள். புல்லுக்கு அடிக்கும் மருந்தை வீட்டில் வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

பேச ஒரு ஆள் வேண்டும், ஊரில் யாருக்கும் தெரியக்கூடாது என்றால் 1926 என்ற எண் இருக்கிறது. தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். எடுத்தவுடன் "தமிழில் பேச வேண்டும்" என்று சொல்லுங்கள். என்ன வருத்தம் என்று விளக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

நேரில் போகிறவர்கள் முதலில் தோட்டத்து டாக்டரிடமோ மிட்வைப்பிடமோ சொல்லி, கிளினிக் நாளைக் கேட்டு ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேறொரு தாளில், எப்போதிருந்து தூக்கம் இல்லை, என்ன மருந்து எடுக்கிறீர்கள், வீட்டில் சமீபத்தில் என்ன நடந்தது என்று நாலு வரி எழுதி எடுத்துப் போங்கள். எழுத வராதென்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் வேண்டாம், நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் எழுதி வாங்குங்கள். டாக்டருக்குத் தமிழ் சரியாக வராத இடங்களில், பேச உதவும் ஒருவரையும் கூட்டிப் போவது நல்லது.