சொல்லிவிட்டே சூதாடலாம்

1980-ல் மரியோ கபெக்கி, அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச்-சுக்கு மூன்று திட்டங்களோடு விண்ணப்பித்தார். இரண்டுக்கு ஓகே. செல்லுக்குள் குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் குறிவைத்து மாற்றும் மூன்றாவது, நடக்காத காரியம் என்றார்கள் மதிப்பீட்டாளர்கள். மனுஷன் கிடைத்த பணத்தில் பெரும்பகுதியை அதிலேயே போட்டார். 2007-ல் நோபல்!

இந்த மாதிரி துணிச்சலுக்காகவே 2004-ல் என்ஐஎச் பயனியர் விருதைத் தொடங்கியது. முன்கூட்டியே சோதனை முடிவுகள் காட்டவேண்டிய கட்டாயம் இல்லை. அதற்காகக் கனவை மட்டும் எழுதினால் வேலைக்கு ஆகாது. பலித்தால் என்ன மாறும், அதை ஏன் நீங்கள் செய்யணும் என்று சொல்லணும். இப்போது செய்கிற வேலையின் அடுத்த படி என்றால் எடுபடாது. பாதையே புதுசா இருக்கணும். ஆராய்ச்சி நேரத்தில் குறைந்தது 51 சதவீதத்தை அதற்கே ஒதுக்குவதாக உறுதியும் தரணும்.

கபெக்கி சொல்லாமல் செய்ததை, இங்கே சொல்லிவிட்டே செய்யலாம். பாதி மனசோடு மட்டும் விண்ணப்பிக்காதீங்க.