ஓடாமலே தேய்ந்த பெயாரிங்

அரசியலும் இலக்கியமும் விவாதிக்கப்படும் இப்பக்கங்களில் ஓர் உருக்குக் குண்டைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் எங்களிற் பலரின் பகல்கள் இயந்திரங்களோடுதான் கழிகின்றன. அந்த அனுபவமும் தமிழில் பேசப்படவேண்டும் என்பது என் எண்ணம்.

1993 இல் ஜேர்மனியில் ஒரு காகித ஆலையின் பராமரிப்புப் பகுதியில் உதவியாளனாக இருந்தேன். அருகருகே இரண்டு தண்ணீர்ப் பம்பிகள். ஒன்று ஓடும்; மற்றது அவசரத்துக்கென நிற்கும். நிற்கும் பம்பிக்குப் புதிய பெயாரிங் போட்டவன் நான். நான்கு மாதங்களின் பின் முதன்முறையாக அதை ஓடவிட்டபோது உறுமியது. சுத்தியலால் அடித்து ஏற்றியிருக்கிறாய் என்றார் மேற்பார்வையாளர். எனது அகதி விண்ணப்பம் முடிவாகாத காலம்; வேலை போவது சின்ன விடயமல்ல.

உறுமல் எங்கிருந்து வருகிறது? பாடப்புத்தகத் தமிழ் குண்டுப்போதிகை என்று சொல்லும் இப்பொருளில் இரண்டு வளையங்கள், அவற்றின் ஓடுபாதைகளுக்கிடையே குண்டுகள், குண்டுகளின் இடைவெளியைக் காக்கும் ஒரு கூடு. பூரண வட்டம் என்று எதுவும் பட்டறையில் இல்லை. புதிய ஓடுபாதையிலும் மைக்கிரோமீற்றரின் பின்னங்களில் அளக்கப்படும் அலைகள் இருக்கும். குண்டுகள் அவற்றின்மேல் ஏறி இறங்க, அச்சுத்தண்டும் மெல்ல ஆடும். அலையே இல்லாவிட்டாலும், சுமையைத் தாங்கும் குண்டுகளின் நிலை கணத்துக்குக் கணம் மாறுவதால் சிறு அதிர்வு தவிர்க்கமுடியாதது.

பள்ளம் விழுந்தால் கதை வேறு. ஒவ்வொரு குண்டும் பள்ளத்தைக் கடக்கையில் ஒரு சிறு அடி விழுகிறது; அதற்கு வளையமும் உறையும் மணிபோல் அதிர்கின்றன. அடிகள் எத்தனை என்பதைக் கேத்திரகணிதம் தீர்மானிக்கிறது. 6205 என்ற பரவலான பெயாரிங்கில் வழக்கமாக 9 குண்டுகள். உள்வளையம் ஒருமுறை சுற்றும்போது, நிலையாக நிற்கும் வெளிவளையத்தின் ஒரு புள்ளியை ஏறக்குறைய 3.58 குண்டுகளும், உள்வளையத்தின் ஒரு புள்ளியை 5.42 குண்டுகளும் கடக்கும். கூட்டினால் 9. நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால், வெளிப்பள்ளம் செக்கனுக்குச் சுமார் 90 அடி, உட்பள்ளம் சுமார் 135 அடி. ஆகவே அதிர்வின் மீடிறனை அளந்து, கழற்றாமலே பள்ளம் எந்த வளையத்தில் என்று சொல்லலாம். யார் போட்டது என்று சொல்லமுடியாது.

அதற்கு வெட்டிப் பார்க்கவேண்டும். நான் அதைக் கேட்டேன். ஓடுபாதையில் குண்டுகளின் இடைவெளியிலேயே பள்ளங்கள் இருந்தன. எல்லாக் குண்டுகளும் ஒரே கணத்தில் விழுந்து எழுந்ததால்தான் உறுமல் அத்தனை பெரிது. மேற்பார்வையாளருக்கு அது தன் கூற்றுக்குச் சாட்சியாகத் தெரிந்தது. சுத்தியலும் இப்படித்தான் தடம் விடும்: உள்வளையத்தைத் தண்டில் ஏற்ற வெளிவளையத்தில் அடித்தால், விசை குண்டுகளினூடாகச் சென்று ஓடுபாதையை அமுக்கும். குண்டை அழுத்தி உலோகத்தின் வன்மையை அளக்கும் முறையை 1900 இல் அறிமுகப்படுத்திய சுவீடன் பொறியியலாளர் பிரினலின் பெயராலேயே இத்தடம் அழைக்கப்படுகிறது.

ஆனால் பொய்ப் பிரினல் என்றொன்றும் உண்டு. அயலில் ஓடும் இயந்திரத்தின் அதிர்வு அத்திவாரம் வழியாக வந்து, நிற்கும் குண்டுகளை ஒரே இடத்தில் மிக நுண்ணிதாக அசைத்தபடி இருக்கும். கிறீஸ் ஒதுங்கிவிட, உருக்கோடு உருக்கு உராய்ந்து தேயும்.

இரண்டையும் பிரித்தறிய ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். அமுங்கிய பள்ளத்தின் அடியில், சாணைக்கல் விட்ட நுண்கோடுகள் அப்படியே இருக்கும். தேய்ந்த பள்ளத்தில் அவை அழிந்து, செங்கபிலத் தூள் படிந்திருக்கும். எங்களுடையதில் கோடுகள் இல்லை, தூள் இருந்தது.

மன்னிப்பு எதுவும் கேட்கப்படவில்லை. ஆனால் நிற்கும் பம்பியின் தண்டைத் திங்கள்தோறும் கையால் சிறிது திருப்பிவிடும் வேலை அட்டவணையில் சேர்ந்தது. அதுவும் எனக்கே தரப்பட்டது.