அந்நியர் முகங்கள் – 6: படம் யார் கையில்?

தஞ்சோங் ரம்புத்தான் என்றதும் மலேசியாவில் பலருக்கு ஊர் நினைவுக்கு வருவதில்லை. 1911-இல் அங்கே திறக்கப்பட்ட மனநல மருத்துவமனைதான் வரும், கூடவே ஒரு நமட்டுச் சிரிப்பும். முகம் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிப்பது எளிது. முகத்தைக் காட்டிவிட்டால் அந்நியர்களுக்குள் உறவு பிறந்துவிடும் என்று உருவப்படக்காரர்கள் சொல்வது அதனால்தான் நம்பும்படி இருக்கிறது. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. எடுத்த படம் யார் கைக்குப் போகிறது என்பதில் மீதிப் பாதி இருக்கிறது.

இதற்குப் பழைய சாட்சி இங்கிலாந்தின் சர்ரே மனநலக் காப்பகம். அங்கே பெண்கள் பிரிவைக் கவனித்த மருத்துவர் ஹியூ வெல்ச் டயமண்ட், நோயாளிகளைத் தாமே படமெடுத்தார். 1856-இல் ராயல் சொசைட்டியில் படித்த கட்டுரையில் படத்துக்கு மூன்று பயன் சொன்னார்: முகத்தைக் கொண்டு நோயை வகைப்படுத்தலாம், நோயாளிக்கே காட்டிப் பேசலாம், வெளியேறியவர் மறுபடி வந்தால் அடையாளம் காணலாம். முதலாவது அந்தக் காலத்து முகக்குறி சாஸ்திரம், போகட்டும். இரண்டாவதற்கு, தன்னை அரசி என்று நம்பிய இருபது வயதுப் பெண்ணிடம் அவளுடைய படங்களைக் காட்டிப் பேசியது அவள் தெளிய உதவியதாக எழுதினார். மருந்தாக அது எவ்வளவு வேலை செய்தது என்பது ஐயத்துக்குரியது. ஆனால் தன் படத்தைப் பற்றித் தானே ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு இடம் கிடைத்தது.

மூன்றாவது பயன் 1948-இல் மலாயாவுக்கு வந்தது. ஜூன் மாதம் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்குப் படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமாயிற்று. பால்மரம் வெட்டியவர்களும் லயத்திலிருந்து வந்து முன்பின் தெரியாத ஒருவரின் கேமரா முன் நின்றார்கள். கண்காணிப்புக்காக எடுத்த படத்தில் உறவுக்கு ஏது இடம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, எடுத்தவருக்கும் நின்றவருக்கும் அங்கே எதுவும் நேரவில்லை. ஆனால் அட்டை நின்றவர் கையிலேயே இருந்தது. பிற்பாடு அந்த ஐ.சி. அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு மாட்டிய வீடுகள் நம்மிடையே உண்டு. பாட்டியைப் பார்த்தேயிராத பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் பாட்டி. எடுத்தவரே பின்னர் தேடிப் போனதும் உண்டு. 1960-இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படைவீரர் மார்க் கரான்ஜே, மேலதிகாரியின் உத்தரவுப்படி ஏறத்தாழ 2,000 பேரை, பெரும்பாலும் பெண்களை, அடையாள அட்டைக்காக எடுத்தார். முக்காடு நீக்கப்பட்ட அந்தப் பெண்களின் கோபம் படத்தில் அப்படியே நிற்கிறது. 2004-இல் அவர் அவர்களைத் தேடித் திரும்பிப் போனார். நாற்பத்து நான்கு ஆண்டு தாமதம், இருந்தாலும் போனாரே.

கலைஞர்கள் வேறொன்று சொல்வார்கள்: கண்காட்சியில் பார்ப்பவர் மனம் இளகினால் அதுவும் உறவுதானே? பழைய தோட்டத்து மூக்குத்திப் பாட்டியின் முகச்சுருக்கங்கள் ஈப்போவில் ஓர் அரங்கில் பாராட்டுப் பெறலாம். இளகியவர் நல்லவராகவே இருக்கட்டும். பாட்டிக்கு அவர் யாரென்றே தெரியாது. மருத்துவமனை இன்னும் சிக்கல்: சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவரை எடுக்கவே கூடாது என்பார்கள். ஊருக்குக் காட்டும் படத்துக்கு நானும் அதையே சொல்வேன். அவருடைய கட்டிலருகே, அவர் பார்ப்பதற்காகவே இருக்கும் படத்துக்கும் அதே தடையைப் போட்டால், பதிவேட்டில் ஒட்டிய படம் ஒன்றுதான் அவருக்கு மிஞ்சும். அதை எடுத்தபோதும் அவர் சம்மதத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.