கண்ணாடி எப்போது உடைந்தது?

வார்டுக்கு அப்பால் – 9

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ ஒருவர் நோயால் இறந்தால், பெரும்பாலும் ஓரிரு நாட்களுக்குள் அவருடைய வீட்டுக்கு ஒரு போன் வரும். பேசுபவர் மெடிக்கல் எக்ஸாமினர் அலுவலகத்திலிருந்து கதைப்பதாகச் சொல்வார். மரணத்துக்கு என்ன காரணம் எழுதப் போகிறார்கள் என்று விளக்குவார். பிறகு, நோயாளிக்கு நடந்த சிகிச்சை பற்றியோ கவனிப்புப் பற்றியோ உங்களுக்குக் கேட்கவோ சொல்லவோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார். நம்முடைய வீடுகளில் இந்த இடத்தில் வரும் பதில் எனக்கு மனப்பாடம். “நோ, நோ, எல்லாரும் நல்லாப் பாத்தவை. தாங்க் யூ.” அத்தோடு போன் வைக்கப்பட்டுவிடும்.

அந்தக் கடைசிக் கேள்விக்காகவே இந்த வாரத்தை ஒதுக்கியிருக்கிறேன்.

புதிதாக வாசிக்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. லண்டனில் ஒரு வைத்தியசாலையின் பெரீவ்மென்ட் ஒபிஸில் நான் வேலை செய்கிறேன். வார்டில் ஒரு உயிர் போனபிறகு குடும்பம் வந்து சேரும் அறை அது. இறந்தவரின் உடைமைகளை ஒப்படைப்பது, பிணவறையில் முகம் பார்க்க ஒழுங்கு செய்வது, மரணப் பதிவுக்கு வழிகாட்டுவது, இறுதிக்கிரியை நடத்தும் நிறுவனத்தோடு கதைப்பது எல்லாம் எங்கள் வேலை. எனக்கு அடுத்த மேசையில் இருப்பவர் மெடிக்கல் எக்ஸாமினர் ஒபிஸர். அந்த போனை எடுப்பவர் அவர்தான்.

அந்தக் கேள்வி சட்டத்துக்குள் வந்து சேர எடுத்த காலத்தை நினைத்தால் மனம் கொதிக்கும். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்றொரு ஊர். அங்கே ஹரோல்ட் ஷிப்மன் என்ற குடும்ப வைத்தியர் (ஜிபி), தன்னை நம்பி வந்த நோயாளிகளுக்கு, பெரும்பாலும் வயதான பெண்களுக்கு, டயமோர்ஃபின் ஊசி போட்டுக் கொன்றான். கொன்ற கையாலேயே மரணச் சான்றிதழும் எழுதினான். தகனத்துக்கு இன்னொரு வைத்தியரின் கையொப்பமும் அந்தக் காலத்தில் தேவை. அப்படி வந்த வைத்தியர்கள் ஷிப்மன் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். 2000 ஜனவரியில் 15 கொலைகளுக்கு அவனுக்குத் தண்டனை கிடைத்தது. நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையிலான விசாரணை, அவன் கொன்றவர்கள் 215 பேர் என்று 2002இல் சொன்னது.

அந்த ஊரில் யாருக்குமே சந்தேகம் வரவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு டாக்ஸி சாரதி, தன் வண்டியில் வழக்கமாக ஏறும் பாட்டிமார் ஒவ்வொருவராகச் சாவதையும் எல்லோருக்கும் ஒரே வைத்தியர் என்பதையும் கவனித்திருந்தார். பக்கத்துக் கிளினிக்கின் வைத்தியர் லிண்டா ரெனால்ட்ஸ் 1998 மார்ச்சில் மரண விசாரணை அதிகாரியான கொரோனரிடமே போய்ச் சொன்னார். பொலிஸ் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடியது. அதன் பிறகும் உயிர்கள் போயின. கடைசியில், தாயின் உயில் பொய்யானது என்று கண்ட ஒரு மகள் விடாமல் நின்றதால்தான் அவன் பிடிபட்டான். இறந்தவர்களின் பிள்ளைகளுக்கும் அயலவர்களுக்கும் தெரிந்திருந்த விஷயங்கள் எத்தனையோ. ஒரு சாவைப் பதிவதற்கு முன் அவர்களைக் கூப்பிட்டு “உங்களுக்கு ஏதும் தோன்றுகிறதா?” என்று கேட்கும் ஏற்பாடுதான் எங்கும் இல்லை.

அந்த ஏற்பாட்டுக்கான சட்டம் 2009இல் நிறைவேறியது. வைத்தியசாலைகளில் 2019இலிருந்து மெல்ல மெல்லத் தொடங்கி, 2024 செப்டம்பர் 9இல்தான் அது கட்டாயமானது. இப்போது கொரோனரிடம் போகாத ஒவ்வொரு மரணத்தையும், அந்த நோயாளியின் சிகிச்சையில் சம்பந்தப்படாத ஒரு மூத்த வைத்தியர் பார்க்க வேண்டும். அவர்தான் மெடிக்கல் எக்ஸாமினர். மருத்துவக் குறிப்புகளை வாசிப்பார், சிகிச்சை செய்த வைத்தியரோடு கதைப்பார், குடும்பத்தின் குரலையும் கேட்பார். அதன் பிறகுதான் சான்றிதழ் பதிவாளருக்குப் போகும். பதிவதற்கான 5 நாட்களும் அன்றிலிருந்துதான் தொடங்கும். இறந்த நாளிலிருந்து விரல் மடித்து எண்ணிப் பதறும் பிள்ளைகளை வாராவாரம் பார்க்கிறேன். பதற வேண்டாம்.

இனி ஒரு குடும்பம். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எண்பதை நெருங்கிய ஒரு ஐயா. காய்ச்சல், சளி, மயக்கம் என்று கொண்டு வந்தார்கள்; நான்காம் நாள் காலமானார். வார்டு வைத்தியர் நியூமோனியா என்று எழுதியிருந்தார். காலையில் அடுத்த மேசையிலிருந்து மகனுக்கு போன் போனது. மேலே சொன்ன அதே பதில்தான் வந்தது. அன்று பின்னேரம் ஐயாவின் மனைவி உடைமைகளை எடுக்க வந்தார். மகன் கார் நிறுத்த இடம் தேடிப் போய்விட்டதால் அவர் தனியாகத்தான் உள்ளே வந்தார்.

உடைமைகளை ஒப்படைக்கும்போது நான் பையை அப்படியே தூக்கிக் கொடுப்பதில்லை. மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, பட்டியலோடு சரிபார்த்து, கையெழுத்து வாங்குவேன். ஒரு சாரம். சின்னத் துணிப்பையில் விபூதி. பற்செட். கைக்கடிகாரம். ஒரு பக்கக் காது வெள்ளை பிளாஸ்ரரால் சுற்றப்பட்டு, இடது கண்ணாடியில் கீறல் விழுந்திருந்த மூக்குக்கண்ணாடி. வார்டில் உடைந்ததாக இருந்தால் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். பட்டியலில் வெறுமனே ‘கண்ணாடி – 1’ என்றுதான் இருந்தது. அதனால் கேட்டேன்.

“அன்ரி, இது வார்டில உடைஞ்சதோ?”

“இல்லைப் பிள்ளை. அது அவர் விழேக்க உடைஞ்சது. பிளாஸ்ரர் சுத்திப்போட்டு அதைத்தான் போட்டுக்கொண்டு திரிஞ்சவர்.”

“எப்ப விழுந்தவர்?”

“மூண்டு கிழமை இருக்கும். பின்வாசல் படியில. பெரிசா ஒண்டும் இல்லை, பெடியனுக்குச் சொல்லாத, அவன் பிறகு கத்துவான் எண்டவர்.”

“ஆஸ்பத்திரியில இதைச் சொன்னனீங்களோ?”

“ஆர் கேட்டவை? காய்ச்சலுக்குத்தானே கொண்டு வந்தனாங்கள்.”

ஐயா இரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர். அது குறிப்பில் இருந்தது. விழுந்தது எங்கும் இல்லை. அந்த மாத்திரை எடுக்கும் வயதானவர் தலை அடிபட விழுந்தால், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே இரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து கிழமைக்கணக்கில் தேங்கக்கூடும். ஆள் நடந்து திரிவார், சாப்பிடுவார், கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாவார். விழுங்குவது சரியாக நடக்காமல் போகும். சாப்பாடும் எச்சிலும் நுரையீரலுக்குள் இறங்கி நியூமோனியா வரும். வார்டில் எல்லோரும் பார்த்தது அந்தக் கடைசிப் படியைத்தான்.

அடுத்த மேசைக்குச் சொன்னேன். சான்றிதழ் இன்னும் பதிவாளருக்குப் போகவில்லை. மெடிக்கல் எக்ஸாமினர் கீழே இறங்கி வந்து, போனில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு அந்த அம்மாவோடு அரை மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தார். மகனும் வந்து சேர்ந்தார். விழுந்ததைத் தொடர்ந்து வந்த மரணமாக இருக்கலாம் என்றால் அது கொரோனருக்குத்தான் போக வேண்டும், போனது. வெட்டாமல், சி.டி. ஸ்கானிலேயே விடை கிடைத்தது. தலைக்குள் பழைய இரத்தம் தேங்கியிருந்தது.

இந்த இடத்தில் யாரைக் குற்றம் சொல்வது என்று தேட எனக்கு விருப்பமில்லை. அந்த அம்மாவின் மனதில் என்ன இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். கணவர் விழுந்ததை அவர் மறந்திருக்கவில்லை. அந்த நான்கு நாளும் அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாததற்குத் தன்னைப் பிடித்து ஏசுவார்கள் என்ற பயம். மகனுக்கு மறைத்தது வெளியே வந்துவிடும் என்ற பயம். அந்த போன் மகனுக்குப் போனது, மகனுக்கு எதுவும் தெரியாது, தெரிந்தவரை யாரும் கேட்கவில்லை.

நம்மவர்களின் மௌனத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. உடலை வெட்டிவிடுவார்கள் என்ற அச்சம் முதலில் வரும். கேள்வி கேட்டதற்காக யாரும் பிரேத பரிசோதனைக்கு அனுப்புவதில்லை. பெரும்பாலான கேள்விகளுக்கு அந்த போனிலேயே பதில் கிடைத்துவிடும். சில, வைத்தியசாலைக்குள்ளேயே மீளாய்வுக்குப் போகும். மரணத்தின் காரணமே சந்தேகம் என்றாலோ, விழுந்தது போல இயற்கையல்லாத ஒன்று அதன் பின்னால் இருக்கலாம் என்றாலோதான் கொரோனர். கொரோனர் பரிசோதனைக்கு உத்தரவிட்டால் குடும்பம் மறுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் ஸ்கான் மட்டும் போதுமா என்று கேட்கலாம். எல்லா இடத்திலும் வசதி இல்லை, சில இடங்களில் குடும்பமே காசு கட்ட வேண்டும், ஆனாலும் கேட்க வேண்டும்.

அடுத்தது, கிரியை தள்ளிப்போகும் என்ற கவலை. லண்டனில் தகனசாலையில் இடம் கிடைக்கவே பலருக்கு ஒன்றிரண்டு கிழமை ஆகிறது. அதற்குள் கனடாவிலிருந்து தம்பி வர வேண்டும், ஃபிரான்ஸிலிருந்து மகள் வர வேண்டும், ஐயருக்கு நேரம் பொருந்த வேண்டும். கொரோனரின் விசாரணை மாதக்கணக்கில் நீண்டாலும், பரிசோதனை முடிந்ததும் உடலை விடுவித்து, இடைக்காலச் சான்றிதழும் தருவார்கள். நான் சொன்ன குடும்பத்தில், கனடா விமானம் இறங்குவதற்கு முன்பே ஐயாவின் உடல் விடுவிக்கப்பட்டிருந்தது.

நன்றியுணர்வும் வாயைக் கட்டுகிறது. இந்த நாடு எங்களை ஏற்றது, இந்த நேர்ஸ்மார் ராத்திரி பகலாகப் பார்த்தார்கள், இனிக் குறை சொல்வதா? “இனிக் கேட்டு என்ன பிள்ளை, போன உயிர் திரும்பி வரப்போகுதோ?” என்று என்னிடமே எத்தனையோ பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: அந்த நேர்ஸ்மாரில் பலர் நீங்கள் வாய் திறப்பதை விரும்புகிறவர்கள். இரவில் ஆள் போதாமல் மணி அடித்தும் வர முடியாமல் போனதை அவர்கள் எழுதிக் கொடுத்தால் ஒரு கணக்கு. நோயாளியின் மகள் சொன்னால் அதற்கு வேறு பலம்.

இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்று கிடக்கிறது என்பது என் எண்ணம். ஊரில் ஒரு சாவைப் பற்றிக் கேள்வி கேட்பது ஆபத்தாக இருந்த காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாங்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 2017இலிருந்து தெருவோரக் கொட்டகையில் இருக்கும் தாய்மாரிடம் அதிகாரம் நீட்டுவது மரணச் சான்றிதழை. அவர்கள் அதை வாங்க மறுக்கிறார்கள்; பிள்ளைக்கு என்ன நடந்தது என்று சொல்லாமல் தரப்படும் கடதாசி, கேள்வியை மூடுவதற்கானது என்று அவர்களுக்குத் தெரியும். காணாமல் போனவர்களுக்கென்று 2016இல் வேறொரு சான்றிதழுக்குச் சட்டம் வந்திருந்தும் அந்தத் தாய்மார் எழும்பவில்லை. அப்படிப்பட்ட மண்ணிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு, சான்றிதழ் எழுதுவதற்கு முன்பாக ஒரு அலுவலகம் போன் எடுத்து “உங்களுக்குக் கேட்க என்ன இருக்கிறது?” என்று விசாரிப்பது நம்பும்படியான விஷயமாக இருக்குமா? இருக்காது. அதனால்தான் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது.

போன் வந்தால் என்ன செய்யலாம்? கார் ஓட்டிக்கொண்டிருந்தால், கடையில் நின்றால், பிறகு எடுக்கச் சொல்லுங்கள், எடுப்பார்கள். நோயாளியோடு கூடவே இருந்தவர் யாரோ அவர் கதைக்கட்டும். அவருக்கு ஆங்கிலம் போதாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்; அதற்குக் காசு இல்லை. மகனையோ பேத்தியையோ நடுவில் வைக்காதீர்கள். தகப்பன் எதனால் செத்தார் என்பதைத் தாய்க்குச் சொல்லும் பாரத்தை ஒரு பிள்ளையின் வாயில் ஏற்றக்கூடாது. அதோடு, அம்மா வருந்துவா என்று அவர்கள் பாதியை விழுங்கிவிடுவதை நான் கண்முன்னே பார்த்திருக்கிறேன்.

எழுதப்போகும் காரணத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். 1ஏ என்பது கடைசியில் உயிரைப் பறித்தது. 1பி, 1சி என்று கீழே இறங்கினால், அதற்குக் காரணமானது, அதற்கும் காரணமானது. 2 என்பது கூடச் சேர்ந்து பலவீனப்படுத்திய நீரிழிவு போன்றவை. கடைசி வரி உங்களுக்குத் தெரிந்த கதையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். விழுந்தது, மாத்திரை மாற்றியது, ஊருக்குப் போய் வந்தது, சாப்பிடாமல் விட்டது என்று வீட்டுக்கு மட்டும் தெரிந்த எதையும் சின்ன விஷயம் என்று ஒதுக்காமல் சொல்லுங்கள். பெயரின் எழுத்துகளையும் கடவுச்சீட்டைப் பார்த்து அந்த நேரமே சரிபாருங்கள். தகப்பன் பெயரும் கணவன் பெயரும் இடம் மாறும் எங்கள் பெயர்களில் பதிவுக்குப் பிறகு திருத்தம் செய்வது பெரும் அலைச்சல்.

அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றாமல் போகலாம். எட்டுச்செலவு முடிந்து வீடு வெறுமையான பிறகுதான் பலருக்குக் கேள்விகள் வருகின்றன. அப்போதும் எங்கள் ஒபிஸுக்கு எடுக்கலாம். முறைப்பாடாகவே எழுத வேண்டும் என்றால், அதற்கு வழிகாட்ட வைத்தியசாலையின் பால்ஸ் (PALS) என்ற நோயாளர் ஆலோசனைப் பிரிவு இருக்கிறது. பொதுவாக 12 மாத அவகாசம். அந்த அம்மா அந்தியேட்டி முடிந்த பிறகு எனக்கு போன் எடுத்தார். மெடிக்கல் எக்ஸாமினரிடம் இன்னொரு தடவை கதைக்க வேண்டுமாம். அன்றைக்கே கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்க வேண்டுமாம். நேரம் ஒதுக்கிக் கொடுத்தோம். இந்த முறை மகனும் பக்கத்தில் இருந்தார்.

அடுத்த வாரம்: உடைமைப் பையை வாங்க ஒருவரும் வராதவர்கள். அவர்களுக்கு வைத்தியசாலையே நடத்தும் இறுதிச் சடங்கு.

(தொடரும்)