பையன் கேட்டான் 35,000 ரூபாய்!

சீட்டுப் பணம் கைக்கு வந்த அன்று சாயங்காலம், பையன் என் பின்னாலேயே சுற்றிக் கொண்டிருந்தான். காபி கலக்கும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

"அம்மா, ஒரு 35,000 ரூபாய் வேணும்மா. கம்ப்யூட்டர்ல கிராபிக்ஸ் கார்டு மாத்தணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பணம் என் பெரிய பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்தது. 'கிடையாது' என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். ஆனால் மனசு கேட்கவில்லை.

பையன் கல்லூரி முதலாண்டு. தான் ஆடும் கேமை சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு யூடியூபில் நேரடியாகக் காட்டுவான். பார்க்க வருவது முப்பது, நாற்பது பேர்தான். நடுவில் படம் திக்கித் திக்கி நிற்கும். ஒவ்வொருவராகக் கழன்று கொள்வார்கள். அப்போது அவன் முகம் வாடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நாத்தனார் மகனுக்கு போன் போட்டேன்.

"அத்தை, எதையும் வாங்கறதுக்கு முன்னாடி எது திணறுதுன்னு பாருங்க" என்றான்.

நியாயம்தானே! குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தால், பெரிய அண்டா வாங்கி என்ன பயன்?

அந்தச் சனிக்கிழமை நானும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பையன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வருகிறது. எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று அதில் தெரியும். எங்கள் வீட்டில் பிராசஸர் 100 சதவீதம். 8 ஜிபி ராம் நிரம்பி வழிகிறது. பழைய ஹார்டு டிஸ்கும் 100. கார்டு மட்டும் 60-ல் நிற்கிறது! கார்டு 95-க்கு மேல் நின்று, அப்போதும் படம் திக்கினால்தான் குற்றம் கார்டின் மேல்.

ஒளிபரப்ப அவன் வைத்திருப்பது ஓபிஎஸ் என்னும் இலவச மென்பொருள். அதில் 'ஸ்டாட்ஸ்' என்ற பகுதியில் மூன்று கணக்கு வரும். நெட்வொர்க்கால் விடுபட்ட படங்கள் ஏறினால் கோளாறு இன்டர்நெட்டில். என்கோடிங் தாமதம் ஏறினால், படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலை திணறுகிறது. ரெண்டரிங் தாமதம் ஏறினால் கார்டு திணறுகிறது. எங்களுக்கு முதல் இரண்டும் ஏறின.

முதலில் காசில்லாத வைத்தியம். படத்தைச் சுருக்கும் வேலையைப் பிராசஸர் தலையில் கட்டியிருந்தான். எங்களிடம் இருக்கும் ஜிடிஎக்ஸ் 1650 கார்டிலேயே அதற்கென்று என்வென்க் என்ற தனிப் பகுதி இருக்கிறது. செட்டிங்கில் அதற்கு மாற்றியதும் பிராசஸர் மூச்சு விட்டது. பெட்டியைத் திறந்து தூசியையும் தட்டினோம்.

அடுத்தது வைஃபை. இரண்டு சுவர் தாண்டி வந்தால் சிக்னல் தளர்ந்துவிடுகிறது. ரௌட்டரிலிருந்து லேன் வயர் இழுத்தோம். 1080பி படத்துக்கு அதிக வேகத்தில் அனுப்ப வேண்டியிருக்கும். அப்லோடு வேகம் அதைப் போல ஒன்றரை மடங்காவது இருப்பது நல்லது. இல்லாவிட்டால் 720பி-க்கு இறங்கிவிடலாம்.

பிறகுதான் ரிச்சி தெருவுக்குப் போனோம். வாங்கியது இரண்டே சாமான். இன்னொரு 8 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி. கார்டுக்குக் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. என் பெண்ணின் கட்டணமும் குறித்த நாளில் கட்டியாயிற்று.

கடைக்குப் போகும் சகோதரிகள் கவனிக்க வேண்டியவை:

● பழைய ராம் டிடிஆர்4 என்றால் புதியதும் டிடிஆர்4 ஆகத்தான் இருக்க வேண்டும். டிடிஆர்5 அந்த இடத்தில் பொருந்தவே பொருந்தாது. போர்டில் காலி இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டு போங்கள்.

● விண்டோஸையும் கேமையும் எஸ்எஸ்டியில் போடுங்கள். பழைய ஹார்டு டிஸ்கைத் தூக்கிப் போடாதீர்கள். ரிகார்டிங் சேர்த்து வைக்க உதவும்.

● புதுக் கார்டு வாங்கினால் செலவு அதோடு முடியாது. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்கிறது என்விடியா. எங்கள் பெட்டியில் இருப்பதோ 350 வாட்! அதையும் மாற்ற வேண்டி வந்திருக்கும்.

● பில்லில் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள். வாரன்டிக்கு அதுதான் ஆதாரம்.

● 2025 ஜூலை முதல், 16 வயது நிரம்பாத பிள்ளைகள் யூடியூபில் தனியாக நேரடி ஒளிபரப்புச் செய்ய முடியாது.

● இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தள்ளியிருக்கும் எதையாவது இருபது வினாடி பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு இதம். எங்கள் வீட்டில் பத்து மணிக்குக் கடை கட்டியாக வேண்டும்!

போன சனிக்கிழமை இரண்டு மணி நேரமும் படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. "கார்டு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்று அவனே சொல்லிவிட்டான்.

பிள்ளைகள் கேட்டதும் மறுக்கவும் வேண்டாம். கேட்டதும் எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். "எது திணறுது, காட்டு பார்ப்போம்" என்று ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். பணமும் மிஞ்சும், பிள்ளையின் மனசும் புரியும்.